பெண் பேருக்குப் பின்னாடி

“பொண்ணு பேருக்குப் பின்னாடி என்னங்க போடணும்?” என்று செல்வமேரி கேட்டதும், அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல், “பி.எஸ்ஸி. மேத்ஸ் போடுங்க” என்றார். அவ்வளவுதான். ஏழெட்டு எழுத்து, ரெண்டு புள்ளி, ஒரு கமா. ஏழு வருஷமாக யோகேஸ்வரியால் முடியாத காரியத்தை, முசிறி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில், கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த செல்வமேரி ஒற்றை விரலால் தட்டி முடித்துவிட்டாள். திரையில் ‘திருவளர்ச்செல்வி யோகேஸ்வரி’ என்று இருந்ததற்குப் பின்னால் அது வந்து உட்கார்ந்ததும் யோகேஸ்வரிக்குக் காதுமடல் சூடானது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் பெருமை. போடச் சொன்னது பொய் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். நாலு மாசமாக ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது, பாவம். “மாப்பிள்ளை வீட்டு நம்பர் குடுங்க சார், அப்படியே படம் புடிச்சு வாட்ஸப்ல அனுப்புறேன். அவங்க சரின்னுட்டா மத்தியானமே மிஷினுக்குப் போயிடும். தீபாவளி நேரம், இன்னைக்கு விட்டா அடுத்த வாரம்தான்” என்றாள் செல்வமேரி. அப்பா சம்பந்தியம்மாவின் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தார். பாதி சொல்லியிருப்பார், டப்பென்று கரண்ட் போனது. திரை கறுத்தது. மின்விசிறி ரெண்டு சுற்று சும்மா சுற்றிவிட்டு நின்றது. “பேட்டரி போயி மாசம் ஒண்ணாச்சு, ஓனர் காதுல விழுந்தாத்தானே” என்று செல்வமேரி அலுத்துக்கொண்டாள். அப்பா, “நான் மண்டபத்துக்காரரை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடுறேன். நீ இரும்மா, கரண்டு வந்ததும் அனுப்பிடச் சொல்லு” என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

நல்ல கூத்து. இப்போது உள்ளே யோகேஸ்வரியும் அந்தக் கறுத்த திரையும்தான். கரண்ட் போனதால் எழுத்தும் போயிருக்குமா என்று ஒரு நப்பாசை வந்தது. போயிருந்தால்தான் என்ன, செல்வமேரிக்கு மறுபடி தட்ட எவ்வளவு நேரம் ஆகும்? எல்லாரும் இதைத் தட்டியே முடித்துவிடுகிறார்கள். முதலில் முடித்து வைத்தவர் தங்கராசு சித்தப்பா. நாமக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, மாப்பிள்ளையின் அம்மா, வசந்தாமணி அத்தை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “புள்ள பி.எஸ்ஸி. முடிச்சிருச்சுங்களா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா குறுக்கே விழுந்து, “முடிஞ்ச மாதிரிதாங்க” என்றார். அந்த ‘மாதிரி’யை அந்த வீட்டில் ஒருத்தர்கூடக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ளக் கூடாது என்றுதானே அதைச் சொல்வது? பத்திரம் முடிந்த மாதிரிதான், வேலை கிடைத்த மாதிரிதான், பையன் துபாய் போன மாதிரிதான் என்று சித்தப்பா காலம் முழுக்கப் பேசியது அப்படித்தான். ஒருத்தரும் அவரைப் பொய்யன் என்று சொன்னதில்லை, கலகலப்பான மனுஷன் என்றுதான் பேர். அன்றைக்கு அவள் தட்டில் இருந்த மிக்சரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லைங்க அத்தை, ரெண்டு பேப்பர் அரியர் இருக்கு என்று சொல்லியிருந்தால்? ஒரே வரி. சொல்லியிருந்தால் இந்தச் சனியன் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஆனால் அப்போது அறை முழுக்கப் பூவும் ஜவ்வாதுமாக மணந்துகொண்டிருந்தது, அம்மா கதவோரம் நின்று கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளை சசிதரன் வேறு தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தான். அந்தத் தவிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்துப்போனதால் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியது மூடியதுதான், அதற்குப் பிறகு எல்லாரும் திறந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பி.இ., அவர் தங்கை பி.பார்ம்., தங்கை வீட்டுக்காரர் எம்.பி.ஏ., மாமனாராகப் போகிற மாமா தலைமையாசிரியர், அவருக்குப் பின்னால் சரக்கு ரயில் மாதிரி வண்டி வண்டியாகப் பட்டம். நடுவில் இவள் பேர் மட்டும் மொட்டையாக நின்றால் அப்பாவுக்குப் பொறுக்குமா? அப்பா படித்தது ஒன்பதாவது.

எத்தனை நாளாகும் இதை முடிக்க? இந்தக் கேள்வியை அவள் இன்றைக்கா கேட்கிறாள்? பஸ்ஸில், பாத்திரம் கழுவும்போது, டியூஷன் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என்று எத்தனையோ தடவை போட்டுப் பார்த்த கணக்கு. மூணு வருஷப் படிப்பு. அது சேரும்போது எல்லாருக்கும் தெரிந்த விடை, அதில் குழப்பமே இல்லை. கடைசி செமஸ்டர் முடிந்து மற்றப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுது போட்டோ எடுத்துக்கொண்டபோது அவளுக்கு அஞ்சு அரியர் இருந்தது. சரி, ஒரு தடவைக்கு ரெண்டு என்று வைத்தால் ஒன்றரை வருஷம். அப்படித்தான் நினைத்தாள். ஒரு தடவை அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு மெக்கானிக்ஸ் படித்தாள், படித்தது ஒன்றும் ஏறவில்லை. ஒரு தடவை எல்லாம் எழுதியும் ஃபெயிலானது. ஒரு தடவை, நம்பினால் நம்புங்கள், தேதியைத் தப்பாகப் பார்த்துவிட்டாள். மறுநாள் போய் நின்றவளை வாட்ச்மேன் பரிதாபமாகப் பார்த்தார். ஆக, ஒரு தடவைக்கு ஒன்றுகூட இல்லை, தாராளமாகப் பார்த்தாலும் முக்கால்தான் என்று வைத்தால் மிச்சமிருக்கிற ரெண்டுக்கு எத்தனை தடவை? முக்காலால் ரெண்டை வகுத்தால் ரெண்டரைக்கு மேல், ஆக மூணு தடவை. மூணு தடவை என்றால் ஒன்றரை வருஷம். ஆனால் ஒன்றரை வருஷம் இல்லை. அங்கேதான் ஒவ்வொரு தடவையும் கணக்கு போய் இடிக்கும். வருகிற ஏப்ரலுக்கு அப்புறம் பழைய பாடத்திட்டத்துக்குக் கேள்வித்தாள் கிடையாது என்று யுனிவர்சிட்டி சொல்லிவிட்டது. சேர்ந்து இத்தனை வருஷத்துக்குள் முடிக்காதவர்கள் முடிக்காதவர்கள்தான், படித்ததெல்லாம் தண்ணீரில் போட்டது. இந்தக் கார்த்திகையில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, ரெண்டே வாய்ப்பு. மூணு தடவை தேவை, ரெண்டு தடவை இருக்கிறது. அப்படியானால் முக்கால் என்று வைக்கக் கூடாது, ஒன்று என்று வைக்க வேண்டும். யார் வைக்கச் சொன்னது? அவளே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கணக்கில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளலாம், ‘ஒன்று என்க’ என்று போட்டுவிட்டால் தீர்ந்தது. பரீட்சைதான் அப்படி வைத்துக்கொள்ள விடுவதில்லை.

“புழுங்குதுல்ல?” என்று செல்வமேரி மாதிரிக்கு வைத்திருந்த பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டாள், தங்க நிறப் பிள்ளையார் மேலும் கீழும் போய்வந்தார். “ஆமாக்கா” என்றாள் யோகேஸ்வரி. வெளியே பட்டாசுக்கடை பந்தலுக்கு யாரோ தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடியும் நெற்றிப்பொட்டில் விழுந்தது. போன ஏப்ரலில்கூட இப்படித்தான், பரீட்சை ஹாலுக்கு வெளியே என்னமோ தகர வேலை நடந்துகொண்டிருந்தது, தட் தட் தட் என்று. ரியல் அனாலிசிஸ். மிச்சமிருக்கிற ரெண்டில் அவள் பயந்தது அதற்குத்தான். ஹெலன் மிஸ் முதல் நாள் வகுப்பிலேயே ‘எல்லை’ என்றால் என்ன என்று சொன்னார், “நீ எவ்வளவு சின்ன இடைவெளி கேட்டாலும் சரி, நான் அதைவிடக் கிட்ட வந்து காட்டுவேன். ஆனா வந்து சேந்துட்டியான்னு மட்டும் கேக்காதே.” பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சேராவிட்டால் எதற்குக் கிட்ட வருவது? பின்னே என்ன கணக்கு இது? அந்த எரிச்சலிலேயே அந்தப் பாடம் அவளை மூணு தடவை தள்ளிவிட்டது. நாலாவது தடவை, அந்த ஏப்ரலில், ஹாலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்து வந்த நிரூபணத்தைப் பாதி எழுதியவள் அடுத்த வரி மறந்துபோய் விழித்தாள். கைவிட்டுவிடலாம் என்று பேனாவை மூடினாள். மூடியவள் சும்மா அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள், தகரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது, அட, எப்படிச் சொல்வது, அது புரிந்துவிட்டது. மனப்பாடத்தில் இல்லாத ஒரு வரி, அவளே யோசித்து எழுதிய வரி, அதற்கு அடுத்த வரி, அதற்கும் அடுத்தது. பேனா ஓடியது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் எதைப் பார்த்துப் பயந்தாளோ அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே! ஆனால் மணி அடித்துவிட்டார்கள். மூணு மார்க்கில் போனது. ரிசல்ட் வந்த அன்றைக்கு அப்பா, “விடும்மா, கல்யாண வயசாச்சு” என்றார், அம்மா சோறு போட்டாள், அவள் அழவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தாள். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஃபெயிலாகிப்போன ஒரு பெண்ணுக்கு இந்தப் பாடம் எனக்கு வரும், வந்துவிட்டது, இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று உள்ளுக்குள் குதியாட்டம் போட்டதை யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால்தான் பரீட்சை பீஸைக் கமுக்கமாகக் கட்டினாள். இன்று காலையில்தான் டைம்டேபிள் வந்திருந்தது, குளித்துவிட்டு ஈரத் தலையோடு போனில் பார்த்தாள். மெக்கானிக்ஸ் கல்யாணத்துக்கு முந்தின வாரம். அது பரவாயில்லை, முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதிவிடலாம். ரியல் அனாலிசிஸ் கல்யாணமான மூணாம் நாள். மூணாம் நாள்தான் நாமக்கல்லில் அவர்கள் குலசாமி கோயிலில் பொங்கல் வைக்கிறார்கள், புது மருமகள்தான் அடுப்புப் பற்றவைக்க வேண்டுமாம். சரி, அதை விட்டுவிடு, ஏப்ரலில் எழுதிக்கொள்ளலாம் என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் இருக்கிறதே. ஏப்ரலில் என்ன இருக்கிறது? கல்யாணமாகி அஞ்சு மாசம். அதற்குள் ஏதாவது ஆகியிருந்தால் ஹாலுக்குப் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகாமல் இருந்தால் ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். சரி, எப்படியோ போகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். என்ன சொல்லிவிட்டுப் போவது? அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லலாம். அம்மா வீட்டுக்குப் போகிறவள் ஹால் டிக்கெட்டை எங்கே ஒளித்து வைப்பாள்? புத்தகத்தை எங்கே வைத்துப் படிப்பாள்? சமையலறையில் நின்றுகொண்டு பருப்பு வேகும்வரை எல்லையை நெருங்கு என்றால் நெருங்குமா? சசிதரன் பார்த்துவிட்டு, “என்னது, எம்.எஸ்ஸி. படிக்கிறியா?” என்று கேட்டால்? அங்கேதான் அவளுக்குத் திடுக்கென்றது. பெஞ்சில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். படித்து முடித்துவிட்டவள் அதே படிப்புக்கு எப்படிப் பரீட்சை எழுதப் போவாள்? பத்திரிகையில் அடித்து, மஞ்சள் தடவி, ஊர் ஊராகக் கொடுத்துவிட்ட பிறகு, அந்த மாமா தலைமையாசிரியர் தன் பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கெல்லாம் மருமகள் மேத்ஸ் என்று காட்டிவிட்ட பிறகு, ஹால் டிக்கெட்டோடு அவள் வாசலைத் தாண்டினால் அது அவர்கள் எல்லாரையும் பொய்யர்களாக்குவது. தாண்ட முடியாது. தாண்டவே முடியாது. பத்திரிகையில் அந்த ஏழெட்டு எழுத்து ஏறிவிட்டால் அந்தப் பட்டத்தை அவள் இனி ஒருநாளும் வாங்க முடியாது. ஏழு வருஷம், எட்டு வருஷம் என்று இழுத்துக்கொண்டிருந்த கணக்குக்கு இன்றைக்கு மத்தியானம் விடை வந்துவிடும். கரண்ட் வந்தால் போதும்.

வராதே, வராதே என்று ஒரு நிமிஷம் கரண்டை வேண்டிக்கொண்டாள், வேண்டிக்கொண்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இருபத்துநாலு வயசுப் பெண், ட்ரான்ஸ்ஃபார்மரை நம்பி உட்கார்ந்திருக்கிறாள். “ஏங்க்கா,” என்றாள், குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது, “இன்னும் முடிக்காதவங்களுக்கு எப்படிப் போடுவீங்க?” செல்வமேரி விசிறுவதை நிறுத்தவில்லை. “பிஎச்.டி. பண்ணிட்டிருக்கறவங்க பிராக்கெட்டுக்குள்ள போடச் சொல்வாங்க. போன மாசம் ஒரு மாப்பிள்ளைக்கு அப்படித்தான் போட்டேன். அதுக்கு அவங்க மாமனாரு வந்து, ஏன் என் மருமகனை ஜெயில்ல போட்டிருக்கீங்கன்னு ஒரே சண்டை. நான் என்னத்தக் கண்டேன்?” என்றாள். யோகேஸ்வரிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அடைப்புக்குறிக்குள் பி.எஸ்ஸி. போட்டுக்கொண்டால் என்ன? யாராவது கேட்டால் ஸ்டைல் என்று சொல்லிவிடலாம். சித்தப்பாவின் ‘மாதிரி’க்கும் அதற்கும் என்ன வித்தியாசம், அது வாயால் போட்ட அடைப்புக்குறி, இது அச்சில் போடுவது. வேண்டாம். ‘மாதிரி’யில்தான் இவ்வளவு தூரம் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். மறுபடியும் மிக்சர்த் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அப்பாவுக்குப் போன் செய்யலாமா? அப்பா என்ன சொல்வார் என்று தெரியும், “சும்மா கெட யோகா, நல்ல காரியம் நடக்கற நேரத்துல.” அம்மா அழுவாள். அவள் பையிலிருந்து போனை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். பிறகு சசிதரனைக் கூப்பிட்டாள். அவனை அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“என்ன யோகா, அதிசயமா இருக்கு” என்று அவன் சந்தோஷப்பட்டான், பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டது. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியாகணும்” என்றாள். எழுந்து எங்கோ தனியாகப் போகிறான் போல, கதவு மூடியது. “சொல்லு” என்றான். “நான் பி.எஸ்ஸி. முடிக்கலைங்க. ரெண்டு பேப்பர் இருக்கு. எங்க வீட்ல முடிச்சிட்டேன்னு சொன்னது பொய்” என்று ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் பெரிய மூச்சாக விட்டான். “அடிப்பாவி! இவ்வளவுதானா? ஒரு நிமிஷம் எனக்கு உசுரே போயிடுச்சு. வேற யாரையாவது புடிச்சிருக்குன்னு சொல்லப் போறியோன்னு பயந்துட்டேன்.” சிரித்தான். நல்ல சிரிப்பு, மனசில் ஒன்றுமே வைத்துக்கொள்ளாத சிரிப்பு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று இருந்தது. “அப்ப பத்திரிகையில எடுத்துடச் சொல்லட்டுமா?” என்றாள். “ஏன் எடுக்கணும்? போட்டது போட்டதா இருக்கட்டும். யாரு வந்து சர்ட்டிபிகேட் கேக்கப் போறா? அம்மாவுக்கெல்லாம் தெரிய வேணாம், நான் பாத்துக்கறேன். நீயும் இனிமே அந்தப் பரீட்சை அது இதுன்னு ஒடம்பைக் கெடுத்துக்காத. உன்னை என்ன வேலைக்கா அனுப்பப் போறோம்? நிம்மதியா இரு யோகா.” அவன் அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்பில் ஒரு கள்ளமும் இல்லை, அதுதான் வேதனை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பாள். மன்னித்து, தடவிக் கொடுத்து, பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போகிறவனிடம் என்ன பேசுவது? “எனக்கு அது எழுதணும்ங்க” என்றாள். “எதுக்கு?” என்றான் அவன், உண்மையாகவே புரியாமல். எதுக்கு? வேலைக்கு என்று சொல்லலாம், பி.எட். என்று சொல்லலாம். அந்த ஏப்ரல் ஹாலையும் அந்தத் தகரச் சத்தத்தையும் போனில் எப்படிச் சொல்வது? “எனக்கு அது வரும்ங்க. இப்பத்தான் வர ஆரம்பிச்சிருக்கு” என்றாள். அவன், “மீட்டிங் இருக்கு, ராத்திரி பேசலாம், நீ ஒண்ணும் கொழப்பிக்காத” என்று வைத்துவிட்டான்.

வைத்ததும் கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது, எதிர்க்கடையில் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது, செல்வமேரி “அப்பாடா” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் முன் உட்கார்ந்தாள். எழுத்து போகவில்லை. அப்படியே இருந்தது, கமாவோடு. “சம்பந்தியம்மா நம்பரைச் சொல்லும்மா, மிச்ச நம்பர்” என்றாள். “அக்கா, அந்தப் பி.எஸ்ஸி.யை எடுத்துடுங்க.” “ஏம்மா? அப்பா போடச் சொன்னாரே.” “அது இன்னும் நான் வாங்கலைக்கா.” செல்வமேரி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். “இங்க பாரு பாப்பா, நீங்க வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நாளைக்கு உங்கப்பா வந்து என்கிட்டத்தான் சத்தம் போடுவாரு. எடுக்கச் சொன்னா மாப்பிள்ளை வீட்ல ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, எனக்குப் பொல்லாப்பு வேணாம்” என்றாள். அதுவும் நியாயம்தான். ராத்திரி பேசலாம் என்கிறான் அவன். ராத்திரிக்குள் மிஷின் அடித்து முடித்துவிடும். யோகேஸ்வரி வசந்தாமணி அத்தையின் பேரைத் தொட்டாள். மணி போனது. எடுக்காதே அத்தை என்று ஒரு மனசு, எடு என்று ஒரு மனசு. கை வேர்த்துப் போன் நழுவியது, முந்தானையில் துடைத்துக்கொண்டாள், புடவை கட்டிக்கொண்டு வந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று சம்பந்தமே இல்லாமல் நினைத்தாள்.

“சொல்லு கண்ணு, பத்திரிகை ரெடியாயிருச்சா?” என்றார் அத்தை. குக்கர் சத்தம் கேட்டது. “அத்தை, நான் இன்னும் பி.எஸ்ஸி. முடிக்கல. அன்னைக்கு எங்க சித்தப்பா சொன்னப்போ நான் பேசாம நின்னுட்டேன். தப்பு என்மேலதான்.” குக்கர் இன்னொரு தடவை கத்தியது. அடுப்பை அணைக்கிற சத்தம். “எத்தனை அரியரு?” என்றார் அத்தை. அந்தக் ‘கண்ணு’ போய்விட்டிருந்தது. “ரெண்டு.” “எப்ப முடிப்ப?” என்ன கேள்வி! இத்தனை நேரம் முக்காலால் வகுத்து, ஒன்று என்று வைத்து, ஏப்ரலில் இடித்து, அவள் போட்டுக்கொண்டிருந்த அதே கணக்கு. “தெரியல அத்தை. வர்ற மாசம் எழுதினா முடிச்சிருவேன்னு நெனைக்கிறேன். எழுதாம விட்டா எப்பவும் முடியாது. அதுல ஒரு பரீட்சை கல்யாணத்துக்கு மூணாம் நாளு வருது.” “மூணாம் நாளு நம்ம சாமிக்குப் பொங்கல் வெச்சிருக்குது. தெரியுமல்ல?” “தெரியும் அத்தை.” “தெரிஞ்சுதான் பேசறியா?” அத்தையின் குரல் ஏறியது. “சொந்தபந்தமெல்லாம் வந்து நிக்கும், புதுப் பொண்ணு எங்கன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது, பரீட்சை எழுதப் போயிருக்குதுன்னா? இந்தக் கல்யாணமே வேண்டாம்னு சொல்ல வர்றியா நீ? அப்படின்னா நேரா சொல்லிப்போடு.” தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கலாமா வேண்டாமா என்று தவித்த அந்த முகம் கண்ணில் வந்து நின்றது. அதை இழந்துவிடுவோம் என்று தெரிந்தது. இழக்க அவளுக்கு மனசே இல்லை. “இல்ல அத்தை” என்றாள். “எனக்கு இந்தக் கல்யாணம் வேணும். பரீட்சைக்கு அனுப்புங்கன்னு கேக்குறேன்.”

அத்தை அடுப்பிலிருந்து குக்கரை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. “உங்க மாமாவோட பேசிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பத்திரிகையை அடிக்க வேண்டாம்னு சொல்லிரு” என்று அத்தை சொன்னார். கோபமா, யோசனையா, அந்தக் குரலில் ஒன்றையும் பிரித்தெடுக்க முடியவில்லை. வைத்துவிட்டார். யோகேஸ்வரி சொன்னாள், “அடிக்க வேணாமாம்க்கா, கூப்பிட்டுச் சொல்றாங்களாம்.” செல்வமேரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, சுட்டியை நகர்த்தி, பேருக்குப் பின்னால் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பிறகு வேறு யாருடையதோ காதுகுத்துப் பத்திரிகையைத் திறந்து வைத்துக்கொண்டாள். நாமக்கல்லில் இந்நேரம் மாமாவுக்குப் போன் போயிருக்கும். சசிதரனுக்கும் போயிருக்கும், மீட்டிங்கில் எடுத்திருப்பானா? அவன் இப்போதும் சிரிப்பானா? அவளுக்குத் தெரியவில்லை. பெஞ்சில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து வாசலுக்கு வந்தாள், வெயில் முகத்தில் அறைந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா வந்துகொண்டிருந்தார். மண்டபத்துக்காரர் நல்லபடியாகப் பேசியிருப்பார் போல, நடையிலேயே தெரிந்தது. ரெண்டு கையிலும் மூணு பேப்பர் கப் டீயை விரல் சுடச் சுடச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மினி பஸ்ஸுக்கு ஒதுங்கி, ரோட்டைத் தாண்டி, “என்னம்மா, சம்பந்தியம்மா பாத்துட்டாங்களா? சரின்னுட்டாங்களா?” என்று தூரத்திலிருந்தே கேட்டுக்கொண்டு படியேறினார்.

“அப்பா, மொதல்ல டீயைக் கீழ வைங்க” என்றாள் யோகேஸ்வரி.